சீனப் பீங்கான் பூச்சாடி: பழையதா, பிற்கால நகலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பொருள்களை வாங்கி விற்பவர்களோடும், வீட்டுப் பரணில் கிடைத்தது என்னவென்று அறிய விரும்புபவர்களோடும் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறேன். சீனப் பூச்சாடியைப் பற்றிய ஐயங்கள் ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தந்திருக்கிறேன். பேசப்படுவது பெரும்பாலும் ஜியாங்சி மாகாணத்து ஜிங்தேஜென் நகரில் உருவான பீங்கானைப் பற்றியது. மிங், அதன்பின் வந்த சிங் ஆகிய வம்சங்களின் அரசவைகளுக்கும் வெளிநாட்டுச் சந்தைகளுக்கும் பீங்கான் அனுப்பிய நகரம் அது. இன்றைய நகல்களில் பெரும்பகுதியும் அங்கிருந்தே வருகிறது என்பதுதான் சிக்கலின் தொடக்கம்.

பழைய சாடி இல்லை என்றால் போலிதானே? நடுவில் வேறு என்ன இருக்கிறது?

நடுவில் நிறைய இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் யோங்செங், சியான்லாங் ஆகிய பேரரசர்கள் தங்களுக்கு ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகள் முந்திய சோங் காலப் பாண்டங்களைப் பார்த்து அவற்றைப்போலவே செய்யுமாறு ஆணையிட்டார்கள். அரச சூளைகளின் மேற்பார்வையாளராக இருந்த தாங் யிங் அத்தகைய பாண்டங்களைச் செய்வித்தார். அவை நகல்கள்தான், ஆனால் இன்று அவையே அரும்பொருள்கள்.

ஆகவே ஒரு சாடியை நான்கில் ஒன்றாக வைத்துப் பார்ப்பது நல்லது. தான் சொல்லிக்கொள்ளும் காலத்திலேயே உருவானது முதல் வகை. முன்னோரின் பாணியைப் பின்பற்றிப் பிற்காலத்தில் செய்யப்பட்டு, இப்போது தானும் நூறாண்டைக் கடந்துவிட்டது இரண்டாம் வகை. அலங்காரத்துக்காக அண்மையில் செய்யப்பட்டு, எதையும் மறைக்காமல் விற்கப்படுவது மூன்றாவது. ஏமாற்றும் நோக்கத்தோடு பழமை ஏற்றப்பட்டது நான்காவது. நான் பார்த்தவரை வீடுகளில் கிடைப்பவை இரண்டாம், மூன்றாம் வகைகளே.

அடியில் ஆறு சீன எழுத்துகள் இருக்கின்றன. அப்படியானால் அரசர் காலத்துச் சாடிதானே?

அந்த ஆறு எழுத்துகள் பெரும்பாலும் வம்சத்தின் பெயர், அரசரின் ஆட்சிப்பெயர், ‘ஆண்டுகளில் செய்தது’ என்ற தொடர் ஆகியவையாக இருக்கும். வலப்புறத்திலிருந்து மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். உதாரணமாக ‘தா சிங் காங்சி நியன் ஜி’ என்றால், மாபெரும் சிங் வம்சத்துக் காங்சியின் (1662–1722) ஆட்சியாண்டுகளில் செய்தது என்று பொருள்.

ஆனால் அந்த முத்திரை சொல்வது உண்மையாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மிங் காலத்துச் சுவாண்டே (1426–1435), செங்குவா (1465–1487) ஆகியோரின் பெயர்களைக் காங்சி காலத்துக் குயவர்கள் எழுதினார்கள். காங்சியின் பெயரை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குவாங்சு (1875–1908) காலத்தில் எழுதினார்கள். சியான்லாங்கின் (1736–1795) பெயரை இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். முன்னோர் மீதான மரியாதையும் வணிகமும் இதில் கலந்தே இருந்தன. முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். சாடியின் மற்ற உறுப்புகள் ஒரு காலத்தைச் சொன்ன பிறகு, முத்திரை அதோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கலாம்.

முத்திரையே இல்லை, வெறும் இரட்டை வட்டம் மட்டும் நீல நிறத்தில் இருக்கிறது. மதிப்பில்லாததா?

அப்படி முடிவுகட்ட வேண்டாம். 1677இல் ஜிங்தேஜெனின் ஆட்சியதிகாரி, பேரரசரின் ஆட்சிப்பெயரைப் பீங்கானில் எழுதக் கூடாது என்று தடை விதித்தார். உடைந்த ஓட்டில் அப்பெயர் குப்பையில் கிடப்பது அவமதிப்பாகக் கருதப்பட்டது. அதன் விளைவாக, பெயர் எழுத வேண்டிய இரட்டை வட்டத்தை வெறுமையாக விட்டார்கள். அல்லது இலை போன்ற ஒரு சின்னத்தை வரைந்தார்கள். அல்லது, முன்சொன்னபடி, செத்துப்போன மிங் அரசர் ஒருவரின் பெயரை எழுதிவிட்டார்கள்.

இந்தச் செய்தி போலி செய்பவர்களுக்கும் தெரியும் என்பதால் வெறும் வட்டமும் சான்றாகாது. முத்திரை இல்லாமை ஒரு குறை அல்ல என்பது மட்டுமே இதிலிருந்து கொள்ள வேண்டியது.

அடியில் ஆங்கிலத்தில் ‘சைனா’ என்று இருக்கிறது. அப்படியென்றால் புதியது என்று தூக்கிப்போடலாமா?

அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், அந்நாட்டுக்குள் வரும் சரக்கில் உற்பத்தி நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று விதித்தது. 1891இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே அச்சொல் உள்ள சாடி பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. ‘மேட் இன் சைனா’ என்ற முழுத்தொடர் பொதுவாக இன்னும் சில பத்தாண்டுகள் பிந்தியது. அமெரிக்காவுக்குப் போகாத சரக்கில் இச்சொல் இல்லாமலே இருக்கலாம் என்பதால், அது இல்லை என்பதைக் கொண்டு பழமையை நிறுவ முடியாது.

சீன எழுத்துகளிலும் இதைப் போன்ற எல்லைக்கோடு ஒன்று உண்டு. சீன அரசு 1956இல் பல எழுத்துகளின் வடிவத்தை எளிமைப்படுத்தியது. அடியில் ‘சீன நாடு, ஜிங்தேஜென்’ என்ற பொருளில் எளிய வடிவ எழுத்துகளால் அச்சிடப்பட்டிருந்தால், அந்தச் சாடியைப் பற்றி மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

சரி, முத்திரையை நம்பக் கூடாது என்றால் முதலில் எதைத்தான் பார்ப்பது?

சாடியைக் கவிழ்த்து அடிவளையத்தைப் பாருங்கள். சாடி தரையில் நிற்கும் அந்த வளையத்தில் மட்டும் பளபளப்புப் பூச்சு இருக்காது; இருந்தால் சூளையில் அது தாங்கியோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளிருக்கும் மண் தன் முகத்தைக் காட்டும் ஒரே இடம் அதுதான். ஜிங்தேஜென் பீங்கான், வெண்களிமண்ணையும் பொடித்த பீங்கான் கல்லையும் கலந்து, ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸில் சுட்டது. நல்ல சிங் காலப் பாண்டத்தில் அந்த மண் இறுக்கமாகவும் மாவைப்போல் நுண்மையாகவும், தடவினால் வழவழப்பாகவும் இருக்கும். யோங்செங் காலத்து அரச பாண்டங்களின் அடிவளையம் இருபுறமும் சரிந்து உருண்டிருப்பதைச் சீனர்கள் அயிரை போன்ற சேற்றுமீன் ஒன்றின் முதுகுக்கு ஒப்பிடுவார்கள். கூர்மையாக, சுண்ணாம்புபோல் வெளுத்து, ஒரே சீராக அரைக்கப்பட்ட வளையத்தைக் கண்டால் நான் ஐயப்படத் தொடங்குவேன்.

பூச்சு முடிந்து மண் தொடங்கும் கோட்டில், பழைய பாண்டங்கள் பலவற்றில் மெல்லிய செம்மஞ்சள் சாயல் தெரியும். மண்ணிலுள்ள இரும்பு சூட்டில் வெளிவருவதால் உண்டாவது அது. உண்மையான சாயல் ஓரிடத்தில் அழுத்தமாகவும் ஓரிடத்தில் இல்லாமலும் போகும். தூரிகையால் இரும்புச் சாந்து பூசி வரவழைத்தது வளையம் முழுவதும் ஒரே பழுப்பாக, மேலே ஒட்டிய அழுக்குபோல இருக்கும். நூறு சாடிகளின் அடியைத் தடவிய விரலுக்குத் தெரிவதைப் புத்தகத்தால் முழுமையாகச் சொல்லித்தர முடிவதில்லை. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகள் சாடியின் முகத்தைத்தான் காட்டுகின்றன, அடியைக் காட்டுவதில்லை என்பது இத்துறையில் எனக்குள்ள நிரந்தர வருத்தம்.

உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள். எதற்கு?

பெரிய சாடியை ஒரே மூச்சில் சக்கரத்தில் வனைய முடியாது. அடி, வயிறு, தோள், கழுத்து என்று பகுதி பகுதியாக வனைந்து, நீர்த்த மண்குழம்பால் ஒட்டினார்கள். வெளிப்புறத்தைச் சீவி மறைத்துவிட்டாலும், உட்புறத்தில் அந்த இணைப்பு குறுக்கே ஓடும் மேடாகக் கையில் தட்டுப்படும்.

இன்றைய மலிவான சாடிகள் பெரும்பாலும் அச்சில் மண்குழம்பை ஊற்றி எடுத்தவை. அவற்றின் சுவர் எங்கும் ஒரே தடிப்பாக இருக்கும். வெளியே புடைத்த இடம் உள்ளே குழிந்திருக்கும். அச்சின் இரு பாதிகள் சந்தித்த கோடு மேலிருந்து கீழாக நிழல்போலத் தெரியும். குறுக்கே மேடு இருந்தால் கைவேலை என்று மட்டும் கொள்ளுங்கள். கையால் வனையும் குயவர்கள் ஜிங்தேஜெனில் இன்றும் இருக்கிறார்கள்.

ஓவியம் கையால் வரைந்ததா, ஒட்டியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். ஒட்டுத்தாள் அச்சில், செய்தித்தாள் படத்தைப்போலச் சிறு புள்ளிகள் வரிசையாகத் தெரியும். வளைந்த இடத்தில் தாள் மடிந்த சுருக்கமோ, இரு ஓரங்கள் சரியாகச் சேராத இடமோ இருக்கும். கைவேலையில் தூரிகை தொடங்கிய இடத்தில் நிறம் தேங்கியும், முடிந்த இடத்தில் இளைத்தும் காணப்படும். ஒரே பூ நான்கு இடத்தில் வந்தால் நான்கும் சற்றே வேறுபட வேண்டும்.

நிறத்தை வைத்துக் காலம் சொல்ல முடியுமா?

ஒரு சாடி எந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்கவே முடியாது என்பதைச் சில நிறங்கள் உறுதியாகச் சொல்லிவிடும். பூச்சின் மேல் தீட்டிச் சுடும் வண்ணமான எனாமலில், பொன்னிலிருந்து பெறப்படும் இளஞ்சிவப்பு சீனப் பீங்கானில் ஏறத்தாழ 1720ஐ ஒட்டித்தான் வருகிறது. ஆகவே இளஞ்சிவப்புப் பியோனி மலர்கள் பூத்திருக்கும் சாடியின் அடியில் சுவாண்டேயின் பெயர் இருந்தால், அந்த முத்திரை பொய் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். குரோமியம் கலந்த பச்சை 19ஆம் நூற்றாண்டுக்குரியது. ஒரு பொருள் பழையது என்று நிறுவுவதற்குப் பத்துச் சான்றுகள் சேர வேண்டியிருக்கிறது. அது சொல்லும் காலத்தைச் சேர்ந்ததல்ல என்று காட்ட, காலத்துக்கு ஒவ்வாத ஒரே ஒரு செய்தி போதும்.

நீலம் இன்னும் நுட்பமானது. மிங்குக்கு முந்திய யுவான் வம்சக் காலத்திலும் மிங் தொடக்கத்திலும் மேற்காசியாவிலிருந்து வந்த, நீல நிறம் தரும் கோபால்ட்டில் இரும்பு மிகுதி. நிறம் தடித்து விழுந்த இடங்களில் அது கருமையான புள்ளிகளாகப் பூச்சுக்குள் ஆழ்ந்திருக்கும். பார்வையைச் சாய்த்தால் அந்த இடங்களில் மேற்பரப்பு சற்றே குழிந்து, ஈயம்போல் மங்கி மினுங்கும். 18ஆம் நூற்றாண்டுக் குயவர்கள் இதைப் போற்றி, தூரிகை முனையால் வேண்டுமென்றே புள்ளி குத்தி அதைப்போலவே செய்தார்கள். அந்தப் புள்ளிகள் கோட்டின் மேல் ஒழுங்காக உட்கார்ந்திருப்பதே அவர்களைக் காட்டிக்கொடுக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வந்த வேதியியல் கோபால்ட் ஆழமில்லாத ஊதா கலந்த நீலமாக, தட்டையாக இருக்கும்.

உடம்பெல்லாம் கீறலும் கறையுமாக இருக்கிறது. நூறு வருஷமாவது ஆகியிருக்காதா?

ஆகியிருக்கலாம், ஒரு மாதம் மட்டும் ஆகியிருக்கவும் கூடும். ஜிங்தேஜெனில் வாழ்ந்த தாந்தர்கோல் என்னும் பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் 1712இல் எழுதிய கடிதத்தில், புதிய பாண்டத்தைக் கொழுப்பு மிகுந்த இறைச்சிச் சாற்றில் வேகவைத்து, பிறகு அழுக்கு நிறைந்த சாக்கடையில் ஒரு மாதமோ அதற்கு மேலோ புதைத்து வைத்து, பழமையானதாக ஆக்கும் முறையை விவரித்திருக்கிறார். அதாவது அன்றைய போலிகளே இப்போது முந்நூறு ஆண்டு பழமை பெற்றுவிட்டன.

இன்று அமிலத்தால் பளபளப்பைக் குறைப்பதும், தேயிலைச் சாற்றிலும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டிலும் ஊறவைப்பதும், உப்புத்தாளால் தேய்ப்பதும் வழக்கம். தேய்மானம் எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள். பயன்பாட்டால் வந்தது, கை படும் தோளிலும் தரை படும் அடியிலும் வயிற்றின் புடைப்பிலும், பல திசைகளில் ஓடும் நுண்கீறல்களாக இருக்கும். கைக்கு எட்டாத குழிவுகளில் பளபளப்பு அப்படியே நிற்கும். எங்கும் ஒரே மங்கலாகவும், கீறல்கள் ஒரே திசையிலும் இருந்தால் அது யாரோ உட்கார்ந்து செய்த வேலை.

பூச்சு முழுக்க நுண்வெடிப்பு இருப்பது பழமையின் அடையாளம் என்று கடைக்காரர் சொன்னாரே?

வெடிப்பு, பூச்சும் மண்ணும் குளிரும்போது வேறுவேறு அளவில் சுருங்குவதால் வருவது. சோங் காலப் பாணிப் பாண்டங்களில் அதை அழகுக்காகவே வரவழைத்தார்கள், இன்றும் அப்படித்தான். வெடிப்புக்குள் இருக்கும் கருமை, முன் கேள்வியில் சொன்ன தேயிலைச் சாற்றாலும் வரும்.

தட்டினால் மணிபோல் ஒலித்தால் நல்ல சாடி என்கிறார்களே?

விரிசல் இல்லை என்பதற்கு அது சான்று. வயதுக்குச் சான்று அன்று.

தாத்தா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது. அதைவிட என்ன சான்று வேண்டும்?

நகரத்தார் வீடுகளிலிருந்து இக்கேள்வி அதிகம் வருகிறது. பர்மா, மலாயா, இலங்கை என்று வணிகம் செய்த குடும்பங்களில் சீனச் சாடி இருப்பது இயல்பே. இக்குடும்பக் கதையை நான் ஒதுக்குவதில்லை. 1942இல் பர்மாவிலிருந்து இந்தியர்கள் வெளியேற நேர்ந்ததற்கு முன்பு அது வாங்கப்பட்டது என்றால், அண்மைக்கால ஒட்டுத்தாள் சாடி என்ற ஐயம் அகல்கிறது. பழைய சீர்ப் பட்டியலிலோ, ஆண்டு தெரிந்த திருமணப் புகைப்படத்திலோ அந்தச் சாடி இருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் தாத்தா அதை வாங்கியபோது, அது கடையில் புதுச்சரக்காகவே இருந்திருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறோம். இரட்டை மகிழ்ச்சி எழுத்தை நீலத்தில் எழுதிய மூடிச்சாடிகளும், மலாயாவில் தலைமுறைகளாக வாழ்ந்த பெரானக்கான் சீனர்களுக்காகச் செய்யப்பட்ட, பீனிக்ஸ் பறவையும் பியோனி மலரும் கொண்ட பளிச்சென்ற பாண்டங்களும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தென்கிழக்காசியத் துறைமுகங்களில் ஏராளமாக விற்றன. அவை உண்மையானவை, சேகரிக்கத் தக்கவை. ஆனால் காங்சி காலத்தவை அல்ல.

சீனப் பாணியில் இருந்தால் சீனாவில்தானே செய்திருப்பார்கள்?

பாரிஸில் 1845இல் தொடங்கப்பட்ட சாம்சன் நிறுவனம் சீன ஏற்றுமதிப் பீங்கானை மிகத் திறமையாக நகலெடுத்து விற்றது. அவற்றின் மண்ணும் பூச்சும் சற்றே சாம்பல் கலந்து காணப்படுவதுண்டு. ஜப்பானின் அரித்தா சூளைகளில் செய்த பாண்டங்களிலும் செங்குவாவின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. சுடும்போது தாங்கிய முனைகளின் தடம் சிறு புள்ளிகளாக அடியின் நடுவில் இருந்தால், ஜப்பானை நினைத்துப் பாருங்கள்.

ஒருவர் யுவான் காலத்து நீலச் சாடி என்று விற்கிறார். விலையும் குறைவுதான். வாங்கலாமா?

யுவான் கால நீல-வெள்ளைப் பீங்கானை அடையாளம் காண உலகம் பெரிதும் நம்பியிருப்பது, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள டேவிட் சாடிகள் என்னும் இணையை. 1351இல் ஒரு தாவோயிசக் கோயிலுக்குத் தூபக்கலம் ஒன்றோடு காணிக்கையாகக் கொடுக்கப்பட்டவை என்று அவற்றின் கழுத்திலேயே எழுதியிருக்கிறது. அவ்வளவு அரிதான ஒரு வகை, தெருக்கடையில் குறைந்த விலைக்குக் கிடைப்பதை எதிர்பார்க்க வேண்டாம். அலமாரியில் வைக்க அழகாக இருந்தால், புதிய சாடிக்குரிய விலையைக் கொடுத்து வாங்குங்கள்.

ஆய்வகத்தில் கொடுத்தால் வயதைச் சரியாகச் சொல்லிவிட மாட்டார்களா?

வெப்ப ஒளிர்வுச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. கடைசியாகச் சூளையில் சுட்ட நாளிலிருந்து மண்ணிலுள்ள கனிமங்கள் சேர்த்துவைத்த கதிர்வீச்சை, ஒரு சிறு துகளைத் துளைத்தெடுத்துச் சூடாக்கி அளக்கிறார்கள். எழுநூறு ஆண்டு பழையதா, நேற்றையதா என்ற கேள்விக்கு இது நன்றாக உதவும். 1880ஐயும் 1920ஐயும் பிரித்தறிய உதவாது, ஏனெனில் பிழையெல்லையே அந்த இடைவெளியை விழுங்கிவிடும்.

ஏமாற்றவும் வழியிருக்கிறது. செயற்கையாகக் கதிர்வீச்சு ஏற்றிய பாண்டம் பழையதாகவே எண் காட்டும். உடைந்த பழைய பாண்டத்தின் அடியைப் புதிய உடலில் பொருத்தி, இணைப்பைப் பூச்சால் மறைத்துவிட்டால், துகளை அடியிலிருந்து எடுத்த ஆய்வகம் அந்த அடியின் வயதைச் சரியாகவே சொல்லும். எந்த இடத்தில் துளைத்தார்கள் என்று அறிக்கையில் குறிப்பிடாத சோதனைச் சான்றிதழை நான் பொருட்படுத்துவதில்லை.

உடைந்து ஒட்டியிருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

இருட்டறையில் புறஊதா விளக்கை அடியுங்கள். பிற்காலத்தில் தடவிய பிசினும் வண்ணமும் பல நேரங்களில் சுற்றியுள்ள பூச்சிலிருந்து வேறுபட்டு வெண்மையாக ஒளிரும். கன்னத்தில் வைத்தால் பீங்கான் குளிரும். பிசின் அவ்வளவு குளிராது. அடியோடு உடல் சேரும் இடத்தைத் தவறாமல் பாருங்கள். காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது.

நிபுணர் சொல்லிவிட்டால் அது முடிந்த முடிவுதானே?

2022 அக்டோபரில் பிரான்ஸின் ஃபோன்தேன்புளோவில் ஓர் ஏலம் நடந்தது. டிராகன்களும் மேகங்களும் வரைந்த, உருண்டை வயிறும் நீள் கழுத்தும் கொண்ட ஒரு நீல-வெள்ளைச் சாடியை 20ஆம் நூற்றாண்டு அலங்காரப் பொருள் என்று மதிப்பிட்டு, 1,500 முதல் 2,000 யூரோ வரை போகும் என்று அறிவித்திருந்தார்கள். அது 77 லட்சம் யூரோவுக்குக் கேட்கப்பட்டது. கட்டணங்களோடு 91 லட்சம் ஆயிற்று. மதிப்பிட்ட நிபுணர் தம் கருத்திலிருந்து மாறவில்லை, வேலையைத்தான் இழந்தார். கேட்டவர்கள் 18ஆம் நூற்றாண்டு என்று நம்பினார்கள் என்பது தெளிவு. நம்பிக்கை போட்டியாக மாறும்போது விலை ஏறும். விலை ஏறியதாலேயே சாடிக்கு வயது கூடிவிடாது.

எங்களுடையது உண்மையிலேயே பழையது என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பலாமா?

இந்தியாவில் இருந்தால் அனுப்ப முடியாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருளும் கைவினைப்பொருளும் தொல்பொருளாகும். தனியார் அவற்றை ஏற்றுமதி செய்யத் தடை உண்டு. வரையறை கேட்பது வயதைத்தான். நூறாண்டு ஆகாத பொருள் என்றால், இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் பெற்று அனுப்பலாம். சாடி பழையது என்று பெருமைப்பட்டவரே சுங்கத்துறை மேசையில் அது புதியது என்று வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

போட்டோ அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா?

படத்தைக் கொண்டு ‘புதியது’ என்று சொல்லிவிட முடியும். ‘பழையது’ என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன், ஏனெனில் எடையும் அடிவளையத்தின் தொடுகையும் உட்புற இணைப்பும் படத்தில் வருவதில்லை. கேட்பதானால் சாடியின் முகத்தை ஒரு படம் எடுத்தால் போதும். அடியை நேராக ஒன்று, பகல் வெளிச்சத்தில் சாய்வாக ஒன்று, பூச்சு முடியும் கோட்டை மிக அருகில் ஒன்று, கழுத்தின் வழியே விளக்கடித்து உட்புறத்தை ஒன்று என்று எடுங்கள். எடுப்பதற்கு முன் தேய்த்துக் கழுவ வேண்டாம். பூச்சின் மேல் பூசிய பொன்கோடு நார் பட்டால் போய்விடும், நான் பார்க்க விரும்பும் அழுக்கும் அதோடு போய்விடும்.